நீ வரையாமல் விட்ட மூன்றாவது பனை

என் பெரிய மனுஷிக்கு,

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்து கூடத்து மேஜைமேல் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. உன் அம்மா ஒவ்வொன்றாக எடுத்து நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டிருக்கிறாள். என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள். ஒரு மூலையில் வைத்த பொட்டுக்கு மற்ற மூன்றும் சரிக்குச் சரியாக எதிரே வரவேண்டும் என்று நான் குனிந்து அளவு பார்த்துத் தடவ, பத்துப் பத்திரிகைக்கே அரை மணி நேரம் ஆகிவிட்டது. "நீங்க எழுந்து போங்க. உங்கள நம்பிக்கினு இருந்தா மூர்த்தம் தாண்டிப் போய்டும்" என்று துரத்திவிட்டாள். நீயோ ஒரகடத்தில் கம்பெனி ஹாஸ்டலில் இருக்கிறாய், சனிக்கிழமைதான் வருவாய். எனக்கும் கைவசம் வேலை இல்லை. அதனால் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. பத்திரிகைக் கட்டுக்குப் பக்கத்திலேயே திறந்து வைத்துவிடுவேன். உன் அம்மா படிக்கலாம், வருகிற சொந்தக்காரர்கள் படிக்கலாம், மாப்பிள்ளை கட்டாயம் படிக்கவேண்டும். ஒரு விஷயத்தை நீ நாலு பேர் முன்னால் மூடி மறைத்தாய். அதை நான் நாலு பேர் முன்னால் திறந்துவைத்தால்தான் எனக்கு ஆறும். விஷயம் இதுதான். உன் நைனாவுக்கு உன்மேல் பொறாமை. பெற்ற மகள்மேல் அப்பனுக்குப் பொறாமையா என்று கேட்பார்கள். கேட்கட்டும். ஊர் முழுக்கப் பெருமை என்று சொல்லிக்கொண்டு உள்ளே வயிறு எரிந்தவன் நான். ஐந்து வருஷமாக எரிகிறது.

எங்கே ஆரம்பித்தது என்று சொல்கிறேன். நீ பிறப்பதற்கு முன்பிருந்தே இந்தத் தெருவில் எனக்கு டிசைன்காரர் என்றுதான் பெயர். காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளுக்கு நான் கிராஃப் போடுகிறேன். தாள் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டம், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம். கட்டத்தைத் தாண்டி நிறம் போனால் தறியில் நூல் தப்பிப்போகும். இப்போது அதைக் கம்ப்யூட்டரில் போடுகிறேன், ஆனாலும் கட்டம் கட்டம்தான். என் தொழிலில் இன்னொரு சௌகரியம் உண்டு. புடவைக் கரைக்கு மயில் வேண்டுமென்றால் பாதி போட்டால் போதும், மறுபாதியைத் தறி தானே திருப்பிப் போட்டுக்கொள்ளும். முப்பத்தைந்து வருஷமாக உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பாதியாகப் பார்த்து, மறுபாதி அதேபோலத்தான் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். நிறத்தைப் பற்றியும் எனக்குத் தலைக்கனம் அதிகம். மாந்துளிர், மயில் கழுத்து, அரக்கு, கத்தரிப்பூ, கிளிப்பச்சை என்று கண்ணை மூடிக்கொண்டு பெயர் சொல்வேன். இந்த வீட்டில் கலைஞன் யார் என்று யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். இதில் கேட்க என்ன இருக்கிறது?

நீ ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒரு காக்காயை வரைந்து அதற்குக் கத்தரிப்பூ நிறம் பூசி வைத்திருந்தாய். காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டிய படம். நீ நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் அதை எடுத்து முழுக்கக் கறுப்பு அடித்துக் காயவைத்துக் கொடுத்தேன். டீச்சர் 'நன்று' என்று போட்டு அனுப்பினார். சாயங்காலம் நீ அதைக் காட்டி, "நைனா, வெயில்ல அது கத்திரிப்பூ கலர்லதான் இருந்துச்சு" என்றாய். நான் காதில் வாங்கவே இல்லை. நாற்பது வருஷமாகக் காக்காயைப் பார்க்கிறவனுக்குக் காக்காயின் நிறம் தெரியாதா என்று நினைத்தேன். உன் கண் என் கண்ணைவிட நல்ல கண் என்று அன்றே எனக்கு உறைத்திருக்கவேண்டும்.

அப்புறம் கொரோனா வந்து உன் காலேஜை மூடினார்கள். தறியும் நின்றது, எனக்கும் வேலை இல்லை. நீ பரண்மேல் கிடந்த என் பழைய கிராஃப் தாள்களை இறக்கினாய். ஹார்டுவேர் கடையில் சுவருக்கு வெள்ளை அடிக்கிற அகலப் பிரஷ் ஒன்றும், பட்டி பூசுகிற பிளேடு ஒன்றும் வாங்கி வந்தாய். போனில் எதையோ பார்த்துக்கொண்டு, மொட்டை மாடியில் உட்கார்ந்து, தாளின் பின்பக்கத்தில் வானத்தைப் போட்டாய். நான் மேலே வந்து பார்த்தேன். முதலில் எனக்கு வந்தது கோபம்தான். என் தாள், என் கலர், இவள் இஷ்டத்துக்கு அப்பிவைத்திருக்கிறாளே என்று. "இன்னாம்மா இது, வாசல் தெளிச்ச மாதிரி கீது" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் கீழே இறங்கி வந்து கை கழுவினேன். கழுவும்போது அந்த வானம் கண்ணை விட்டுப் போகவில்லை. நான்கு வீச்சுதான் அதில் இருந்தது. நான்கே வீச்சில் மழை வரப்போகிறது என்று தெரிந்தது. அந்த நிமிஷம் பிடித்த எரிச்சல் இது.

கடைத்தெருவில் ஃப்ரேம் கடை வைத்திருக்கிற பாயிடம் நீ படத்தைக் கொண்டுபோக ஆரம்பித்தபோது எரிச்சல் இன்னும் முற்றிப்போனது. சாமி படத்துக்கும் கல்யாண போட்டோவுக்கும் நடுவில் உன் ஏரிப் படம் ஒன்றை அவர் கண்ணாடிக்குப் பின்னால் மாட்டி வைத்தார். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பாய் என்னைக் கூப்பிட்டு, "சார், நானும் எவ்ளோ சீனரிக்கு ஃப்ரேம் போட்டுட்டேன். எல்லாம் சும்மா தொங்கும். உங்க பொண்ணு போட்டது மட்டும் காத்து அடிக்குது சார்" என்றார். சந்தோஷமாகத் தலையாட்டினேன். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் முகம் தானாகத் தொங்கிப்போயிற்று. முப்பத்தைந்து வருஷத்தில் என் டிசைன் எத்தனை முகூர்த்தத்துக்குப் போயிருக்கும்? ஒருத்தராவது அதில் காற்று அடிக்கிறது என்று சொன்னதில்லை. அதற்கடுத்த மாசமே சாலவாக்கம் பஸ்ஸில் ஒருவர் என்னைக் காட்டி, "படம் போடுதே ஒரு பொண்ணு, அதோட அப்பா" என்று பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னார். டிசைன்காரர் என்கிற பெயர் அத்தோடு போயிற்று.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ வேலைக்குச் சேர்ந்து, சனிக்கிழமை பகல் ஷிஃப்ட் முடிந்து வருவதற்குள், நான் ஏரிக்கரைக்குப் போய்ப் படம் போட்டிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, ஏழெட்டுத் தடவை. மஞ்சள் பைக்குள் கேன்வாஸை மறைத்து எடுத்துக்கொண்டு, மதகுக்குப் பக்கத்தில் நீ வழக்கமாக உட்காருகிற அதே கல்லில் உட்கார்ந்தேன். முதலில் பென்சிலும் ஸ்கேலும் எடுத்து கேன்வாஸ் முழுக்கக் கட்டம் போட்டேன். ஆடு மேய்க்கிற பெண்மணி ஒருத்தி ரொம்ப நேரம் நின்று பார்த்துவிட்டு, "இன்னா சார், ஏரிய சர்வே எடுக்க வந்தீங்களா? எங்க வூட்ட இடிப்பாங்களா?" என்று பயந்துபோய்க் கேட்டாள். படம் போடுகிறேன் என்றேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பிடியா" என்று ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். பனைக்கு எத்தனை மட்டையோ அத்தனையும் போட்டேன். தண்ணீருக்கு நல்ல நீலம் பூசினேன். எல்லாம் இருந்தது, ஒன்றும் அசையவில்லை. அந்தப் படங்களை எல்லாம் வெந்நீர் அடுப்பில் வைத்து எரித்துவிட்டேன். உன் அம்மாவுக்குத் தெரியும். அவள் உன்னிடம் சொல்லவில்லை என்றால் அது அவள் நல்ல குணம்.

நீ போடுவதை நான் கண்கொத்திப் பாம்பு மாதிரிப் பார்த்திருக்கிறேன். பின்னால் நின்று வெற்றிலை போடுகிற சாக்கில் பார்ப்பேன். நீ முதலில் கேன்வாஸ் முழுக்கச் செம்மண் நிறத்தைப் பூசிவிடுவாய். எனக்கு அது அசிங்கமாகத் தெரியும். அதற்குமேல் வானத்தையும் தண்ணீரையும் போடும்போது அங்கங்கே அந்தச் செம்மண்ணை விட்டுவைப்பாய், படம் முழுக்க ஒரே வெயில் அடிப்பது அதனால்தான் என்று வெகுநாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். பிரஷ்ஷில் கலரைக் கொஞ்சமாகத் தொட்டுக்கொண்டு படுக்கைவாக்கில் ஒரு இழு இழுப்பாய், தண்ணீர் ஓடும். பிளேடால் மஞ்சளை வழித்து மேகத்து ஓரத்தில் அப்பிவிட்டு விட்டுவிடுவாய், தடவித் தேய்க்க மாட்டாய். பிரஷ்ஷைத் திருப்பிக் கட்டையால் கீறினால் கோரைப்புல் வரும். எருமை வேண்டுமென்றால் மூன்று தீற்று. ஒருநாள் பொறுக்காமல், "தண்ணிக்கு ஏன்மா நீலமே போட மாட்டேன்ற?" என்று கேட்டேன். "தண்ணிக்கு ஏது நைனா கலரு? பக்கத்துல இன்னா கீதோ அதான் அதுக்குக் கலரு" என்றாய். சொல்லிவிட்டுப் பனையின் அடியில் மயில் கழுத்து நிறத்தை ஒரு தொடு தொட்டாய். மயில் கழுத்து என் நிறம். எத்தனை முந்தானைக்குக் கொடுத்திருக்கிறேன்! நம் ஏரியில் அது கிடந்தது எனக்குத் தெரியவில்லையே என்று அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இனி நான் கை வைத்த மூலைக்கு வருகிறேன். மூன்று வருஷத்துக்கு முன், மழை விட்டு ஏரி நிரம்பியிருந்தபோது நீ போட்ட பெரிய படம். வலது பக்கம் கரையோரம் மூன்று பனை, அவற்றின் நிழல் கீழே தண்ணீரில். சென்னையில் நடந்த ஒரு போட்டிக்கு அதை அனுப்பவேண்டும். அதற்குள் கம்பெனியில் உன்னைப் பதினைந்து நாள் டிரெயினிங்குக்கு ஓசூர் அனுப்பினார்கள். ஆயில் கலர் காயவில்லை. "நைனா, காஞ்ச பிறகு பாய் கடையில ஃப்ரேம் போட்டு அனுப்பிடு. யாரு கையும் படாம பாத்துக்கோ" என்று சொல்லி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நீ கிளம்பிப்போனாய். ஊரில் வேறு யாரை நம்பியிருந்தாலும் உன் படம் பிழைத்திருக்கும்.

இரண்டாம் நாள் பின்கட்டு அறைக்குப் போய்ப் பார்த்தேன். மேலே மூன்று பனை. தண்ணீரில் முதல் பனைக்கு உடைந்த நாலு கோடு, இரண்டாவதற்கு ஒரு கோணல் இழுப்பு. மூன்றாவதற்கு ஒன்றுமே இல்லை, வெறும் பழுப்பும் ஊதாவும் கலந்த தீற்றல். நீ அவசரத்தில் மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். சத்தியமாக முதலில் அப்படித்தான் நினைத்தேன். மூன்று இருந்தால் கீழேயும் மூன்று இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தாளை நான் தறிக்கே அனுப்ப மாட்டேன். என் மிகச் சின்னப் பிரஷ்ஷை எடுத்தேன், உன் கலரையே குழைத்தேன். மேலே இருக்கிற பனையை அளவெடுத்து, மட்டைக்கு மட்டை எண்ணி, தலைகீழாக மூன்றையும் போட்டேன். சுற்றியிருந்த உன் தீற்றல்களைப் பிசிறில்லாமல் தடவிச் சமன் செய்தேன். மூன்று மணி நேரம் நிமிரவில்லை. உன் அம்மா வாசலில் வந்து நின்று, "இன்னாங்க, புள்ள படத்துல இன்னா பண்ணிக்கினு கீறீங்க?" என்றாள். "பாவம், மறந்துட்டா. சரி பண்ணிக்கினு கீறேன்" என்றேன். "மறந்தாளோ, வேணும்னு வுட்டாளோ, ஒரு போன் போட்டுக் கேட்டீங்களா?" என்றாள். கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாயே! அந்தப் பதிலுக்குப் பயந்துதான் கேட்கவில்லை என்பது அவள் கேட்ட பிறகு எனக்கே தெரிந்துவிட்டது. தெரிந்தும் பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை. காற்று அடிக்கிற படம் ஒன்றில் என் கையும் இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதை நானாகப் போட முடியாது. அதனால் உன்னுடையதில் புகுந்தேன்.

படம் பாய் கடையிலிருந்து நேராகச் சென்னைக்குப் போயிற்று. இரண்டாம் பரிசு என்று செய்தி வந்தது. விழாவுக்கு நீ என்னைக் கூப்பிட்டாய், அவசர டிசைன் இருக்கிறது என்று பொய் சொன்னேன். உன் தோழியோடு போனாய். அன்று பகல் முழுக்கப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு பேருக்கு நடுவில் அந்தப் படத்தை நீ பார்ப்பாய், போன் அடிப்பாய், என்னைக் கிழித்துத் தொங்கவிடுவாய் என்று காத்திருந்தேன். நீ ஷீல்டும் ஸ்வீட்டுமாக வந்தாய். "நைனா, சாப்ட்டியா?" என்று கேட்டாய். அவ்வளவுதான். மறுநாளும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் போயிற்று. அப்போது உன் புத்திசாலி நைனா ஒரு முடிவுக்கு வந்தான். இவளுக்குத் தெரியவே இல்லை. அப்படியென்றால் என் வேலை அவள் வேலையோடு ஒட்டிப்போய்விட்டது. அப்படியென்றால் அந்தப் பரிசில் பாதி என்னுடையது.

அந்தப் பாதியை வைத்துக்கொண்டு மூன்று வருஷம் நன்றாகத் தூங்கினேன் என்றே சொல்லவேண்டும். யாராவது உன்னைப் புகழ்ந்தால் முன்போல எரியவில்லை. உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். ஒருநாள் பாயிடம் மட்டும், "அதுல நம்ம கைவேலையும் கொஞ்சம் கீது பாய்" என்று விட்டேன். அவர் ஃப்ரேமுக்கு ஆணி அடிப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தார். ஃப்ரேம் போட்டவரே அவர்தானே, தெரியாமல் இருக்குமா? "தெரியும் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்ப அடிக்க ஆரம்பித்தார். அதையும் நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

போன மாசம் நிச்சயம் பேச மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அன்று மதியம் பந்தியில் மாப்பிள்ளை எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நல்ல பிள்ளை, கள்ளம் கபடம் இல்லாமல் பேசுகிறவர். பாயசம் வந்த நேரத்தில், "மாமா, பிரைஸ் வாங்குன படத்துல அந்த மூல நீங்க போட்டதாமே" என்றார். கையில் இருந்த டம்ளரை இலையோரம் வைத்தேன். "ஜட்ஜ் மேடையிலயே கேட்டாராம் மாமா, படம் பூரா ஆடுது, இந்த மூல மட்டும் ஏன் புடவ பார்டர் மாதிரி நிக்குதுன்னு. இவ சிரிச்சிக்கினே, அது எங்க நைனா சார், பாதிய வுட்டு வெச்சா அவருக்கு மனசு கேக்காதுன்னு சொன்னாளாம். எல்லாரும் கைதட்டினாங்களாம். அது மட்டும் இல்லன்னா ஃபர்ஸ்ட் பிரைஸே..." என்றவர் அங்கேயே நிறுத்திக்கொண்டு அப்பளத்தை உடைத்தார். மிச்சத்தை அவர் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. முதல் பரிசு என்னால் போயிற்று. அது உனக்கு அன்றைக்கே தெரியும்.

அடுத்த நாள் காஞ்சிபுரம் போனேன். அந்தப் படத்தை வாங்கிய எலும்பு டாக்டர் தன் க்ளினிக்கில் மாட்டியிருக்கிறார் என்று நீ சொல்லியிருந்தாய். சும்மா போய் உட்கார முடியாது என்பதால் முட்டி வலி என்று டோக்கன் வாங்கிக்கொண்டு படத்துக்கு எதிரே உட்கார்ந்தேன். பத்தொன்பதாம் நம்பர், ஒன்றரை மணி நேரம் கிடைத்தது. கையில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தாள். படத்தைக் காட்டி, "இது எந்த ஏரிங்க?" என்றாள். எங்கள் உத்திரமேரூர் ஏரி என்றேன். "இங்க போய் நின்னா முந்தானி நிக்காது போல கீதே" என்றாள். அவள் பார்த்தது எல்லாம் இடது பக்கமும் நடுவும்தான். வலது மூலைக்கு அவள் கண் போகவே இல்லை. போவதற்கு அங்கே என்ன இருக்கிறது? உன் பக்கத்தில் கலர் மேடும் பள்ளமுமாக எழும்பி, டியூப்லைட் வெளிச்சத்தைக்கூடப் பிடித்து வைத்துக்கொண்டு மின்னியது. என் மூலை வழவழவென்று, துடைத்து வைத்த தரை மாதிரி இருந்தது. மூன்று பனை, மூன்று நிழல், ஒரு மட்டைகூடக் குறையவில்லை. நான் போட்ட புடவைக் கரைகளிலேயே அது சுத்தமான வேலை. அது அங்கே இருக்கக்கூடாத வேலை. டாக்டர் என் முட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பினார்.

திரும்பி வரும்போது ஏரிக்கரையிலேயே இறங்கிக்கொண்டேன். நாலு மணி வெயில். அந்தக் கல்லில் ஸ்கேல் இல்லாமல், பென்சில் இல்லாமல் உட்கார்ந்தேன். தண்ணீரில் மூன்று பனையும் தெரிந்தது. பார் நான் போட்டதுதான் சரி என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். அப்போது மேற்கேயிருந்து காற்று வந்தது. முதல் நிழல் உடைந்தது, இரண்டாவது கோணிக்கொண்டது. மூன்றாவது இருந்த இடத்தில் பழுப்பும் ஊதாவும் மட்டும் ஓடியது. காற்று நின்றதும் மூன்றும் திரும்ப வந்துவிட்டன. நீ மறக்கவில்லை. நீ பார்த்தாய். அந்த ஒரு நொடியைப் பார்த்து, வைத்துக்கொண்டு, ஒரு இழுப்பில் போட்டாய். ஐம்பத்தொன்பது வயது வரை இந்தக் கரையில் நடந்த எனக்கு அது ஒரு தடவைகூடத் தெரிந்ததில்லை. அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தில் கொஞ்சம், பொறாமையில் மிச்சம்.

கல்யாணத்துக்கு முன்னால் அப்பன் புத்தி சொல்லவேண்டுமாம். சொல்கிறேன். காயாத படத்தை வீட்டில் விட்டுவிட்டு எங்கேயும் போகாதே. போகிற வீட்டில் நல்லவர்கள்தான் இருக்கிறார்கள், கெடுக்கிறவர்களும் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள். சமையல் கட்டில் ஒரு மூலை, மொட்டை மாடியில் ஒரு மூலை என்று கொடுத்தால் ஒப்புக்கொள்ளாதே. வெளிச்சம் வருகிற ஜன்னலாகப் பார்த்துக் கேட்டு வாங்கு. மாப்பிள்ளை உன் எல்லாப் படத்தையும் சூப்பர் சூப்பர் என்றால் ரொம்ப நம்பிவிடாதே, அவருக்குக் கண் இன்னும் பழகவில்லை. இதையும் பொறாமையில்தான் சொல்கிறேன், உனக்கே தெரியும். என்னிடம் மூன்று வருஷம் சொல்லாததை அவரிடம் சொல்லியிருக்கிறாயே! சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாயே! அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அது முதல் பரிசைவிட என்னை எரிக்கிறது.

ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். உன் படத்தில் வேறொரு ஓவியக்காரன் கை வைத்திருந்தால் நீ சும்மா விட்டிருப்பாயா? சட்டையைப் பிடித்திருப்பாய். ஊரைக் கூட்டியிருப்பாய். எனக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. வயசானவர், ஏதோ ஆசையில் செய்துவிட்டார், பெற்ற அப்பன் வேறு என்று தள்ளிவிட்டாய். அந்த மேடையில் உன் நைனாவை நீ காப்பாற்றினாய், சரி. ஆனால் ஏரிக்கரையில் ஏழெட்டுத் தடவை உட்கார்ந்து தோற்றுப்போனவன் ஒருவன் இருக்கிறான். உன் கையையும் கண்ணையும் பார்த்துப் பார்த்து வெந்தவன். அவனை நீ ஆளாகவே எண்ணவில்லை. உன்னிடமிருந்து எனக்கு என்னதான் வேண்டும் என்று இந்த ஒரு மாசமாகக் கேட்டுக்கொண்டேன். மன்னிப்பு இல்லை, அது கேட்காமலே கிடைத்துவிட்டது. எனக்கு வேண்டியது சண்டை.

முகூர்த்தத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. இந்தச் சனிக்கிழமை வருகிறாய். வந்ததும் சாப்பிட்டாயா என்று கேட்காதே. எந்த இடத்தில் கெடுத்தேன், எந்த நிறத்தைக் கொன்றேன், அந்தத் தீற்றலைத் தடவிச் சமன் செய்ய எனக்கு என்ன தைரியம் என்று ஒன்று விடாமல் கேள். குரலை உயர்த்திக் கேள், உன் அம்மா நடுவில் வந்தால் அவளையும் தள்ளி நிற்கச் சொல். எனக்கும் பதில் இருக்கிறது, நானும் கத்துவேன். நைனாவைப் பார்க்க வருகிறோம் என்று நினைத்துக்கொண்டு வராதே. என் படத்தில் கை வைத்தவன் இந்த வீட்டில்தான் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு வா.